பாதாளத் தவளையின் பங்காளிகள்

கோடை முழுக்க வறண்டு வெடித்துக் கிடந்த குளத்தில் நல்ல மழை ஒன்று இறங்கினால் போதும், அன்று இரவே தவளைகள் கத்தத் தொடங்கிவிடும். நேற்றுவரை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. இன்று காதை அடைக்கிறது. இத்தனையும் எங்கிருந்து வந்தன? மழையோடு சேர்ந்து வானத்திலிருந்து விழுந்தவை என்று நம்பியவர்கள் உண்டு. சேறுதான் தவளையாகிறது என்று சொன்னவர்களும் உண்டு. விடை நம் காலடியில்தான் இருக்கிறது. நம் ஊர்த் தவளைகளில் பல, வெயில் காலத்தில் மண்ணுக்குள் புதைந்து, உடலின் செலவையெல்லாம் குறைத்துக்கொண்டு, ஈரம் திரும்பும்வரை அசையாமல் கிடக்கின்றன. இதைக் கோடையுறக்கம் என்கிறோம்.

அந்தத் தவளைகளுக்கு மண் ஓர் ஒதுங்கிடம்தான். அவை தின்பதும் வளர்வதும் மண்ணுக்கு மேலே. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு தவளை இந்த ஏற்பாட்டை அப்படியே தலைகீழாக வைத்திருக்கிறது. அதற்கு இருப்பிடம், இரை, வளர்ச்சி எல்லாமே மண்ணுக்குள். வெளியே தலைகாட்டுவது ஆண்டில் சில நாட்கள் மட்டும், அதுவும் முட்டையிடுவதற்காக. கேரளத்து மலைமக்கள் அதைப் பாதாளத் தவளை என்கிறார்கள். ஓணத்துக்கு ஒருமுறை பாதாளத்திலிருந்து வந்துபோகும் மகாபலியை நினைத்து மாவேலித் தவளை என்றும் பெயர் உண்டு. அறிவியலில் அது நாசிகாபட்ராக்கஸ் சஹ்யாத்ரென்சிஸ். உடலின் கருஞ்சிவப்பு கலந்த ஊதா நிறத்தால் ஊதாத் தவளை என்றும் எழுதுகிறார்கள்.

படத்தில் முதல்முறை பார்ப்பவர்கள் இதைத் தவளை என்று ஒப்புக்கொள்ளத் தயங்குவார்கள். ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் நீளம். உடல் ஊதிப் பருத்து, வழவழப்பாக இருக்கும். அந்த உடலுக்குப் பொருந்தாத சின்னத் தலை. தலை முன்புறம் குவிந்து கூர்மூக்காகி, நுனியில் வெளிறிய ஒரு குமிழில் முடிகிறது. கண்கள் மிகச் சிறியவை. தாவுவதற்கு ஏற்ற நீண்ட பின்னங்கால்கள் இதற்குக் கிடையாது. குட்டையான, உறுதியான கால்கள்தான். பின்பாதத்தின் உட்பக்கத்தில் தடித்த, வெளிறிய புடைப்பு ஒன்று இருக்கிறது. தோண்டும் கருவி அதுதான். ஈர மண்ணில் உட்கார்ந்தபடியே பின்பாதங்களால் மண்ணை மாறிமாறிப் பக்கவாட்டில் தள்ளும். பின்பகுதி முதலில் இறங்கும், முகம் கடைசியில் மறையும். சில நிமிடங்களில் அந்த இடத்தில் கிளறிய மண் மட்டும் மிஞ்சியிருக்கும்.

ஒரு மீட்டருக்குக் கீழேயும், சில இடங்களில் மூன்று மீட்டருக்கும் கீழேயும்கூட இது கிடைத்திருக்கிறது. அங்கே இதன் முக்கிய இரை கறையான். வாய் மிகக் குறுகலானது. பெரிய பூச்சியைக் கவ்வி விழுங்க அதனால் முடியாது. கறையான் செல்லும் வழிகளில் மூக்கைச் செலுத்தி, சிறிய நாக்கால் இரையை வாங்கிக்கொள்ள அந்த முகம் போதும். கறையானுக்குக் கோடை, மழை என்ற பஞ்சம் கிடையாது. ஆகவே இந்தத் தவளைக்கு மேலே வந்து இரை தேடவேண்டிய கட்டாயமும் இல்லை.

பருவமழைக்கு முந்தைய கோடை மழை மண்ணை நனைத்ததும் ஆண் தவளைகள் மேற்பரப்புக்கு அருகே ஏறிவருகின்றன. ஆனால் உடனே வெளிவருவதில்லை. மெல்லிய மண் படலத்துக்கு அடியில் இருந்துகொண்டே கொக்கரிப்பு போன்ற குரலில் பெண்ணை அழைக்கின்றன. தவளை ஆய்வாளர் எஸ்.டி. பிஜுவின் குழுவினரும் ஒலியியல் ஆய்வாளர் மார்க் பீயும் சேர்ந்து இந்தக் குரலைப் பதிவுசெய்து ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார்கள். நிலத்திலிருந்து சத்தம் வருகிறது, கத்துகிறவரைக் காணோம் என்ற நிலையில் செய்த வேலை அது. பெண் உருவில் மிகப் பெரியது. ஆண் அதன் முதுகில் தொற்றிக்கொள்ள, இரண்டும் ஓடைக்குப் போகின்றன. வெள்ளம் இன்னும் பெருகாத ஓடையில், பாறை இடுக்குகளில் தேங்கிய நீரில், ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டு மறுபடி மண்ணுக்குள் போய்விடுகின்றன. அடுத்த மழைக்காலம்வரை அவ்வளவுதான்.

இந்தத் தவளையை 2003 அக்டோபரில் 'நேச்சர்' இதழில் உலகுக்கு அறிவித்தவர்கள் இருவர். ஒருவர் பிஜு, அப்போது திருவனந்தபுரம் அருகே பாலோடு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்காவில் பணியாற்றியவர், தாவரவியல் படித்துவிட்டுத் தவளைகளிடம் வந்து சேர்ந்தவர். மற்றவர் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் சுதந்திரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிராங்கி போசூயிட். மாதிரிகள் கிடைத்தது இடுக்கி மாவட்டத்தில். புதுத் தவளை இனம் கிடைப்பது மேற்குத் தொடர்ச்சி மலையில் அரிய செய்தி அல்ல. ஆனால் இது புதிய சிற்றினம் மட்டுமல்ல, புதிய பேரினம் மட்டுமல்ல, புதிய குடும்பம் என்று அவர்கள் சொன்னார்கள். உயிரினங்களை வரிசைப்படுத்தும்போது குடும்பம் என்பது பேரினத்தைவிடப் பெரிய அலகு. பூனை, சிங்கம், புலி, சிறுத்தை எல்லாம் சேர்ந்தால் ஒரு குடும்பம். முதுகெலும்பு உள்ள பிராணிகளில் அப்படி ஒரு குடும்பமே புதிதாகக் கிடைப்பது மிக அரிது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏலத் தோட்டங்களில் மண் வெட்டியவர்களும், ஓடைகளில் மீன் பிடித்தவர்களும் இந்தத் தவளையை முன்பே அறிவார்கள். பெயர் வைத்திருந்தார்கள், எப்போது வெளிவரும் என்று தெரிந்து வைத்திருந்தார்கள். அறிவியல் ஏட்டிலும் இதன் பாதி வாழ்க்கை பதிவாகியிருந்தது. 1917–18 வாக்கில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் நெல்சன் அனண்டேல், தென்னிந்திய மலைகளின் தலைப்பிரட்டைகளை ஆராய்ந்தபோது, வேகமாக நீர் பாயும் ஓடையில் பாறையைப் பற்றிக்கொண்டு வாழும் ஒரு வகையை விவரித்தார். அதன் வாய் ஓர் உறிஞ்சுகருவி. வாயைப் பாறையில் அழுத்தி ஒட்டிக்கொண்டால், அடித்துச் செல்லும் வெள்ளமும் அதைப் பெயர்க்க முடியாது. அது வளர்ந்து என்ன தவளையாகிறது என்பதுதான் அப்போது தெரியவில்லை. குழந்தையின் குறிப்பு ஏட்டில் இருந்தது. பெற்றோர் மண்ணுக்குள் இருந்தார்கள். 2012இல் கால்நடை மருத்துவரும் தவளை ஆய்வாளருமான அனில் சக்கரியாவும் அவருடன் இருந்தவர்களும், முட்டையிலிருந்து குட்டித்தவளை வரை ஒவ்வொரு கட்டத்தையும் விவரித்து இந்தக் கதையை முழுமையாக்கினார்கள்.

இனி விந்தையான பகுதிக்கு வருவோம். இந்தத் தவளைக் குடும்பத்தின் நெருங்கிய உறவினர் யார்? மலையின் மறுபக்கத்தில் இல்லை, இலங்கையில் இல்லை, ஆசியாவில் எங்குமே இல்லை. ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர் கடலுக்கு அப்பால், இந்தியப் பெருங்கடலின் நடுவே உள்ள செய்செல்ஸ் தீவுகளில் இருக்கிறார்கள். சூக்ளாசிடே என்ற குடும்பம். அதில் மொத்தமே நான்கு சிற்றினங்கள்.

அந்த நால்வரைப் பார்த்தால் உறவு இருப்பதாகவே தோன்றாது. காட்டுத் தரையில் உதிர்ந்த இலைகளுக்கு நடுவே வாழும் சிறிய, ஒல்லியான தவளைகள். அவற்றில் ஒன்றான கார்டினர் தவளை முழு வளர்ச்சியிலும் 11 மில்லிமீட்டர்தான். விரல் நகத்தின் மேல் உட்காரவைக்கலாம். இன்னொன்று தன் தலைப்பிரட்டைகளை முதுகில் சுமந்து திரிகிறது. கார்டினர் தவளைக்குச் செவிப்பறையும் நடுக்காதும் கிடையாது. அப்படியானால் அதற்குக் காது கேட்காது என்றுதான் நெடுநாள் எண்ணியிருந்தார்கள். ரெனோ பாய்ஸ்டெல் என்ற பிரெஞ்சு ஆய்வாளரின் குழு, பதிவுசெய்த குரலைக் காட்டில் ஒலிபெருக்கியில் போட்டுப் பார்த்தது. தவளைகள் பதில் சொல்லின. பிறகு நுண்ணிய எக்ஸ்ரே படங்கள் எடுத்து, அந்தத் தவளையின் வாய்க்குழியே ஒலியை ஏற்று அதிர்ந்து உள்காதுக்குக் கடத்துகிறது என்று 2013இல் காட்டினார்கள். ஒரு பங்காளி மண்ணுக்குள் இருந்து கத்துகிறார், இன்னொருவர் வாயால் கேட்கிறார்.

தோற்றத்தில் இவ்வளவு தூரம் விலகி நிற்கும் இரு கூட்டத்தாரை ஒரே கொடி என்று எப்படிச் சொல்ல முடிந்தது? இந்தக் கேள்வியில்தான் நான் சற்று நிற்க விரும்புகிறேன். இந்தத் தவளையைப் பற்றிய செய்திகளில் பெரும்பாலும் தாவிக் கடந்துபோகும் இடம் இதுதான்.

உருவ ஒற்றுமை உறவுக்குச் சாட்சி ஆகாது. மண் தோண்டும் தவளைகள் உலகில் பல இடங்களில் உண்டு. ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் மெக்சிகோவிலும் பருத்த உடல், சின்னத் தலை, குட்டைக் கால் என்று ஏறக்குறைய இதே வடிவத்தில் தவளைகள் இருக்கின்றன. அவை ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவு அல்ல. ஒரே வேலையைச் செய்யவேண்டி வந்ததால் ஒரே வடிவத்துக்கு வந்து சேர்ந்தவை. இதற்குக் குவிபரிணாமம் என்று பெயர். பாதாளத் தவளையின் தலைப்பிரட்டைக்கு அருகிலேயே இதற்கு இன்னொரு சாட்சியம் இருக்கிறது. அதே ஓடைப் பாறைகளில் ஒட்டிக்கொண்டு வாழும் சிறு மீன்கள் உண்டு. அவற்றுக்கும் பற்றிக்கொள்ளும் உறுப்பு உண்டு. மீனுக்கும் தவளைக்கும் அந்த உறுப்பைக் கொடுத்தது பொதுவான மூதாதை அல்ல, பாயும் நீர். வேலை மாறினால் நெருங்கிய உறவினரும் முகம் மாறிப்போவார்கள். வேலை ஒன்றானால் அந்நியரும் ஒரே முகமாவார்கள். ஆகவே முகத்தை விட்டுவிட்டு வேறு சாட்சியம் தேடவேண்டும்.

அந்தச் சாட்சியம் மரபணுவில் இருக்கிறது. அதைப் படிக்கும் முறை, தமிழ்ப் பதிப்பாசிரியர்களுக்கு நன்கு தெரிந்த முறைதான். பழைய நூல் ஒன்றின் ஏட்டுச்சுவடிகள் பத்து ஊர்களில் கிடைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு முந்தைய ஏட்டைப் பார்த்துப் பெயர்த்தெழுதியது. எழுதும்போது எழுத்து மாறும், சொல் விடுபடும், அடி இடம்பெயரும். இப்படி வந்த பாடபேதங்களை உ.வே. சாமிநாதையரைப் போன்றவர்கள் ஏடு ஏடாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டு ஏடுகளில் மட்டும் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால், அதுவும் ஒன்றல்ல, பல இடங்களில் அப்படி இருந்தால், அவை இரண்டும் ஒரே தாய் ஏட்டிலிருந்து வந்தவை. மற்ற ஏடுகள் வேறு வழி வந்தவை. கட்டு எப்படி இருக்கிறது, ஓலை எந்த ஊர்ப் பனை என்பதெல்லாம் இதற்குத் தேவையில்லை. பகிர்ந்துகொண்ட பிழையே பாரம்பரியத்தைச் சொல்லிவிடும்.

மரபணுவும் தலைமுறைதோறும் பெயர்த்தெழுதப்படும் ஏடுதான். ஒவ்வொரு முறையும் அங்கொன்றும் இங்கொன்றுமாக மாற்றம் விழுகிறது. விழுந்த மாற்றம் வாரிசுகளுக்குப் போகிறது. பிஜுவும் போசூயிட்டும் பாதாளத் தவளையின் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்தும் உயிரணுவின் கருவிலிருந்தும் சில மரபணுக்களை எடுத்து, உலகின் பல தவளைக் குடும்பங்களின் அதே மரபணுக்களோடு வரிவரியாக ஒப்பிட்டார்கள். பகிர்ந்துகொண்ட மாற்றங்கள் செய்செல்ஸ் தவளைகளையே காட்டின. ஏறக்குறைய அதே காலத்தில் சுஷீல் தத்தா, கார்த்திகேயன் வாசுதேவன் முதலியோர் அடங்கிய இன்னொரு குழுவும் தனியாக ஆராய்ந்து, இந்த வமிசம் ஜுராசிக் காலத்தை எட்டும் பழைமை உடையது என்று 2004இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதியது. ஒருவர் சொன்னதை மற்றவர் சரிபார்க்க நேர்ந்தது நல்லதாகவே அமைந்தது.

யார் உறவு என்பது இப்படித் தெரிந்தது. எப்போது பிரிந்தார்கள் என்பது அடுத்த கேள்வி. பிழைகள் ஓரளவு சீரான வேகத்தில் சேர்கின்றன என்றால், இரண்டு ஏடுகளுக்கு இடையே உள்ள வேறுபாடுகளை எண்ணி, தாய் ஏட்டிலிருந்து அவை பிரிந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று கணக்கிடலாம். இதைத்தான் மூலக்கூற்றுக் கடிகாரம் என்கிறார்கள். ஆனால் ஏடு பெயர்த்தெழுதுவோர் எல்லாரும் ஒரே கவனத்தோடு எழுதுவதில்லை. சிலர் கையில் பிழை அதிகம், சிலர் கையில் குறைவு. மரபணுக்களிலும் அப்படியே. எனவே வேகத்தை முதலில் அளக்கவேண்டும். அதற்கு நாள், ஆண்டு குறித்து முடித்த ஏடு ஒன்றாவது கையில் வேண்டும். உயிரியலில் அந்த ஏடு புதைபடிவம். இன்ன தவளைக் குடும்பம் இத்தனை கோடி ஆண்டு பழைய பாறையில் கிடைத்திருக்கிறது என்றால், அந்தக் குடும்பம் குறைந்தது அவ்வளவு பழையது. அதை வைத்து வேகத்தைக் கட்டி, மற்றப் பிரிவுகளின் வயதைக் கணக்கிடுகிறார்கள்.

2003இல் வந்த விடை ஏறக்குறைய 13 கோடி ஆண்டு. பின்னால் மேலும் பல மரபணுக்களைக் கொண்டு செய்த கணக்குகள் ஒன்றுக்கொன்று கோடிக்கணக்கான ஆண்டுகள் வேறுபடுகின்றன. இது குறை என்று நான் நினைக்கவில்லை. புதைபடிவம் குறைந்தபட்ச வயதை மட்டுமே சொல்லும். வேகமும் கிளைக்குக் கிளை மாறும். இவ்வளவையும் ஒளிக்காமல் ஒரு வீச்சாக விடை சொல்வதே இந்தத் துறையின் நேர்மை. எப்படிப் பார்த்தாலும் நாம் பேசுவது டைனோசர்கள் நடமாடிய உலகைப் பற்றி.

சரி, பங்காளிகளுக்கு நடுவே கடல் எப்படி வந்தது? தவளைக்குக் கடல்நீர் எமன். அதன் தோல் நீரை உள்ளும் புறமும் விடுவது. உப்புநீரில் உடலின் ஈரம் இழுபட்டுப் போய்விடும். முட்டையும் தாங்காது. நடுக்கடலில் உள்ள தீவுகளில் தவளையே இல்லாததை டார்வின் 1859இல் வெளியான தம் 'உயிரினங்களின் தோற்றம்' நூலில் கவனித்து எழுதியிருக்கிறார். பிந்தைய பதிப்பில் சில விதிவிலக்குகளைக் குறிப்பிட்டபோது, செய்செல்ஸையும் அதில் சேர்த்து, அதை உண்மையான பெருங்கடல் தீவு என்று கொள்ளலாமா என்பதே சந்தேகம் என்றார். கண்டங்கள் நகர்கின்றன என்று யாரும் அறியாத காலம். அவருடைய சந்தேகம் சரியான இடத்தில் விழுந்திருந்தது.

மொரீஷியஸ், ரியூனியன் போன்ற தீவுகள் கடலடி எரிமலைகள் கக்கிய குழம்பு உறைந்து எழுந்தவை. செய்செல்ஸின் பெரிய தீவான மாஹேயின் பாறை அப்படிப்பட்டதல்ல, கருங்கல். கருங்கல் கண்டங்களின் பாறை. அதன் வயது ஏறக்குறைய 75 கோடி ஆண்டு. ராஜஸ்தானத்து மாலானிப் பாறைகளும் மடகாஸ்கரின் சில பாறைகளும் இதை ஒட்டிய வயதுடையவை. நடுக்கடலில் நிற்கும் இந்தக் கருங்கல் ஒரு கண்டத்தின் துண்டு. தென்னமெரிக்கா, ஆப்பிரிக்கா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா, இந்தியா எல்லாம் ஒன்றாயிருந்த கோண்டுவானா பெருங்கண்டம் உடைந்தபோது, இந்தியாவும் செய்செல்ஸும் மடகாஸ்கரும் சேர்ந்து ஒரு துண்டாயின. சுமார் 9 கோடி ஆண்டுக்கு முன் மடகாஸ்கர் கழன்றது. தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பெருகி ஓடிய காலத்தை ஒட்டி, சுமார் 6.5 கோடி ஆண்டுக்கு முன், செய்செல்ஸ் கழன்றது. இந்தியா வடக்கே போய் ஆசியாவில் முட்டியது.

இந்தக் காலக்கணக்கு எப்படிக் கிடைத்தது என்பது தனி அழகுடைய கதை. அரபிக்கடலுக்கும் செய்செல்ஸுக்கும் நடுவே கடலடியில் கார்ல்ஸ்பர்க் முகடு என்ற நீண்ட மலைத்தொடர் இருக்கிறது. 1962இல் 'ஓவன்' என்ற பிரிட்டிஷ் ஆய்வுக் கப்பல் அதன் மேலாகப் போய்க் கடலடிப் பாறையின் காந்தத்தை அளந்தது. முகட்டுக்கு இணையாக, ஒருமுறை இப்படி ஒருமுறை அப்படி என்று காந்தத் திசை மாறிமாறிப் பட்டைகளாகப் படிந்திருந்தது. கேம்பிரிட்ஜின் ஃபிரெட் வைனும் டிரம்மண்ட் மாத்யூஸும் 1963இல் இதற்குக் காரணம் சொன்னார்கள். முகட்டின் நடுவில் குழம்பு வெளிவந்து உறைகிறது. உறையும்போது அதிலுள்ள இரும்புக் கனிமங்கள் அன்றைய புவிக்காந்தத்தின் திசையில் நின்றுவிடுகின்றன. புவிக்காந்தம் அவ்வப்போது வடக்கு தெற்காகத் திரும்பிக்கொள்கிறது. புதுத் தரை பழைய தரையை இருபுறமும் தள்ளிக்கொண்டே போவதால் ஒவ்வொரு திருப்பமும் ஒரு பட்டையாகப் பதிவாகிறது. பட்டைகளின் வயதைத் தெரிந்துகொண்டு ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே பின்னோக்கிப் போனால், இருகரையும் நெருங்கி வந்து ஒட்டிக்கொள்ளும். கண்டங்கள் நகர்கின்றன என்பதை உலகை ஏற்கவைத்த சான்றுகளில் முதன்மையான ஒன்று, இந்தத் தவளைகளைப் பிரித்துவைத்த அதே கடலின் அடியிலிருந்து வந்திருக்கிறது.

பாறையும் மரபணுவும் தனித்தனிச் சாட்சிகள் என்பது இங்கே மிக முக்கியம். செய்செல்ஸ் பிரிந்த தேதியை வைத்தே மரபணுக் கடிகாரத்தைத் திருத்திவிட்டு, பிறகு இரண்டும் பொருந்துகின்றன என்று சொன்னால் அது வட்டமடித்த வாதம். புதைபடிவங்களைக் கொண்டு கடிகாரத்தைத் தனியே கட்டி, அதன் பிறகு கடலடிக் கணக்கோடு ஒப்பிட்டால்தான் அந்தப் பொருத்தத்துக்கு மதிப்பு. இன்னொரு நுணுக்கமும் உண்டு. 13 கோடி ஆண்டு என்ற விடை சரியென்றால், நிலம் பிரிவதற்கு மிக முன்பே வமிசம் இரண்டாகிவிட்டது. ஒரே நிலத்தில் இரு கிளைகளும் வாழ்ந்தன; பிறகு நிலம் உடைந்தபோது ஒன்று இந்தப் பக்கமும் மற்றது அந்தப் பக்கமும் மிஞ்சின. கடல் அவர்களைப் பிரித்தது உண்மை; பிரிவினையைத் தொடங்கி வைத்தது கடல் என்று சொல்ல வேண்டியதில்லை.

கடல் கடக்க முடியாத வேலி என்ற வாதத்தையும் அப்படியே விழுங்கக்கூடாது. ஆப்பிரிக்காவுக்கும் மடகாஸ்கருக்கும் இடையே உள்ள மயோட் எரிமலைத் தீவு. எந்தக் கண்டத்தோடும் ஒட்டியிருந்ததில்லை. அங்கும் தவளைகள் உண்டு. மடகாஸ்கரிலிருந்து எப்படியோ மிதந்து வந்தவை. செய்செல்ஸிலேயே ஒரு மரத்தவளை இருக்கிறது. அதன் உறவினர் மடகாஸ்கரில் இருக்கிறார்கள், பிரிந்த காலமோ நிலம் பிரிந்ததற்குப் பிந்தையது. அதுவும் கடல் வழி வந்ததாகத்தான் இருக்கவேண்டும். வெள்ளத்தில் வேரோடு பெயர்ந்து கடலுக்கு வந்த மரம் ஒன்று போதும். ஆகையால் உறவினர் எங்கே என்பதை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது; எப்போது என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டும்.

பாதாளத் தவளைக்குத் துணைச் சாட்சியாக நிற்பது இன்னொரு மண்ணுள்வாழி. சிசிலியன்கள் என்ற காலற்ற நீர்நில வாழ்விகள், பார்வைக்குப் பெரிய மண்புழு என்று தோன்றுபவை. செய்செல்ஸில் வாழும் சிசிலியன்களின் நெருங்கிய உறவினர் மேற்குத் தொடர்ச்சி மலையின் சிசிலியன்கள். தவளையோடு தொடர்பே இல்லாத ஒரு வமிசம், அதே இரண்டு இடங்களில், அதே உறவுமுறையில். தனி ஒரு தவளை மிதந்து போயிருக்கலாம் என்று சொல்லலாம். இருவரும் ஒரே கதையைச் சொல்லும்போது அப்படித் தள்ளிவிட முடியாது.

நேச்சர் இதழில் இந்தக் கண்டுபிடிப்பு வந்தபோது அதே இதழில் கருத்துரை எழுதிய பிளேர் ஹெட்ஜஸ், இதைத் தவளைகளின் சீலகாந்த் என்று வருணித்தார். அழிந்துபோனது என்று எண்ணியிருந்தபோது 1938இல் தென்னாப்பிரிக்கக் கரையில் உயிரோடு கிடைத்த மீன் சீலகாந்த். ஒப்பீடு நியாயமானதுதான். 2017இல் வெளியான ஒரு பெரிய மரபணு ஆய்வின்படி, இன்றுள்ள தவளை இனங்களில் 88 விழுக்காடு, டைனோசர்கள் அழிந்த அந்தப் பேரழிவுக்குப் பின் கிளைத்துப் பெருகிய மூன்றே வமிசங்களைச் சேர்ந்தவை. பாதாளத் தவளை அந்த மூன்றில் எதையும் சேர்ந்ததல்ல. உலகில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தவளை இனங்கள் இருக்க, இந்தக் கிளையில் செய்செல்ஸ் நால்வரையும் சேர்த்தால் எண்ணிக்கை ஆறு.

ஆறு என்று சொன்னேன். ஏனென்றால் பாதாளத் தவளை இப்போது ஒன்றல்ல, இரண்டு. இரண்டாவது நம் பக்கத்தது. விருதுநகர் மாவட்டத்தில், திருவில்லிபுத்தூர் சாம்பல் நிற மலை அணில் சரணாலயத்தில் கிடைத்த தவளையை ஆராய்ந்து ஜெகத் ஜனனி, கார்த்திகேயன் வாசுதேவன், ரமேஷ் அகர்வால் முதலியோர் 2017இல் அதைத் தனிச் சிற்றினமாக விவரித்தார்கள். பெயர் நாசிகாபட்ராக்கஸ் பூபதி. கோவை சலீம் அலி பறவையியல் மையத்தில் ஊர்வனவற்றையும் நீர்நில வாழ்விகளையும் ஆராய்ந்த, 2014இல் அகத்தியமலையில் களப்பணியின்போது உயிரிழந்த சு. பூபதியின் நினைவாக வைத்தது.

உருவம், குரல், மரபணு மூன்றிலும் இது வேறுபடுகிறது. எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது இதன் நாள்கணக்கு. மேற்குச் சரிவின் தவளை தென்மேற்குப் பருவமழையை எதிர்பார்த்து முட்டையிடுகிறது. கிழக்குச் சரிவு அந்த மழையின் மறைவுப் பகுதி. அங்கே ஓடைகள் நிறைவது ஐப்பசி, கார்த்திகையில். ஆகவே பூபதித் தவளை வடகிழக்குப் பருவமழையில் வெளிவருகிறது. ஒரே மலையின் இரு முகங்களில், இரு வேறு மழைகளில், இரண்டு தவளைகள். ஆண்டில் சில நாட்களே வெளிவரும் பிராணிகளுக்கு அந்த நாட்கள் பொருந்தவில்லையென்றால் நடுவே மலை இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். அவை சந்திக்கவே போவதில்லை. இனங்கள் பிரிவதற்குக் கடல் வேண்டும், மலை வேண்டும் என்றே எண்ணிப் பழகியவர்களுக்கு, காலண்டரும் வேலியாகலாம் என்பதை இந்த இரண்டும் காட்டுகின்றன.

மண்ணுக்குள் ஆழ்ந்து வாழும் பெரிய தவளைக்குப் பெரும் ஆபத்து இல்லை. ஆபத்து ஓடையில் இருக்கிறது. தலைப்பிரட்டை குட்டித்தவளையாக ஏறக்குறைய நூறு நாட்கள் ஆகின்றன. அந்த நூறு நாளும் நீர் ஓடவேண்டும், பாறையில் அது சுரண்டித் தின்னும் பாசி இருக்கவேண்டும். தடுப்பணை கட்டி ஓடையைத் தேக்கமாக்கினால் உறிஞ்சுவாய்க்கு வேலையில்லாமல் போகும். வண்டல் படிந்து பாறை மூடும். முட்டையிட இறங்கிவரும் தவளைகள் மலைச்சாலைகளில் வண்டிகளில் அடிபடுகின்றன. இடுக்கிப் பகுதியில் சில சமூகங்கள் இந்தத் தலைப்பிரட்டைகளைப் பிடித்து உண்பதை ஆஷிஷ் தாமஸும் பிஜுவும் 2015இல் ஆராய்ந்து எழுதினார்கள். அவர்களைக் குற்றவாளிகளாக்கிப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. இந்தத் தவளை எந்த ஓடையில், எந்த வாரத்தில் வருகிறது என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்களைப் போன்றவர்களே. பாதுகாப்பைப் பேசுவதும் அவர்களோடுதான் தொடங்கவேண்டும். கேரளத்தில் சந்தீப் தாஸ் என்ற இளம் ஆய்வாளர் மாவேலித் தவளை என்ற பெயரையே முன்வைத்து, இதை மாநிலத் தவளையாக அறிவிக்கவேண்டும் என்று ஊர் ஊராகப் பேசிவருகிறார். அந்த வழி சரியான வழி.

தமிழகச் சரிவில் செய்யக்கூடிய வேலை இன்னும் எளிது. பெரிய தவளையைத் தேடி மண்ணைத் தோண்ட வேண்டாம், தோண்டுவது கெடுதலும்கூட. வடகிழக்குப் பருவமழை தொடங்கிச் சில வாரம் கழித்து, மலையடிவார ஓடைகளில் நீர் பாயும் பாறைகளைப் பார்த்தால் போதும். வாயால் பாறையைப் பற்றிக்கொண்டு வெள்ளத்துக்கு எதிர்முகமாக ஒட்டியிருக்கும் கருநிறத் தலைப்பிரட்டைகள் அங்கே இருந்தால், அந்த மலையில் பாதாளத் தவளை இருக்க வாய்ப்பு அதிகம். கையில் எடுக்காமல் படம் எடுத்து, நாளும் இடமும் குறித்து வைத்தால், ஒரு கல்லூரி மாணவர் குழுவே இந்தத் தவளையின் வரைபடத்தில் புதிய ஓடை ஒன்றைச் சேர்த்துவிட முடியும். சரணாலயத்துக்குள் என்றால் வனத்துறையின் அனுமதி பெற்றுப் போகவேண்டும்.